பொத்துவில் வீதியும் ஒரு பிழைதிருத்தமும்

பாண்டிருப்பைச் சேர்ந்த என் பழைய நண்பர் ஒருவர் கனடாவில் ஸ்காபரோவில் வசிக்கிறார். மாதம் ஒருமுறையாவது தொலைபேசியில் அழைப்பார். அவருடைய முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மச்சான், எங்க நிக்காய்?" நான் ஊரில் நிற்பதாகச் சொன்னால் அவருக்கு அது போதாது. "றோட்டுக்குக் கடற்பக்கமா, வயற்பக்கமா?" என்பார். அதையும் சொன்ன பிறகு எந்தச் சந்திக்கு அருகே என்று கேட்பார். கடைசியில் நான் ஒரு கடையின் பெயரைச் சொல்லவேண்டியிருக்கும். பல வேளைகளில் அந்தக் கடை அவர் அறிந்த கடையாக இராது. அது முன்னர் என்ன கடையாக இருந்தது என்பதை நான் நினைவுபடுத்திச் சொன்ன பின்னரே மற்றக் கதைகள் தொடங்கும்.

அம்பாறைக் கரையோரத்தில் பிறந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கிழக்கே கடல். மேற்கே வயலும் களப்பும். இவற்றுக்கு இடையில் ஒடுங்கிய ஒரு மணற்றிட்டு. அதன் நடுவே வடக்குத் தெற்காக ஒரு வீதி. எங்கள் முகவரி, திசை, சந்தை, ஊர்வலம், சண்டை, சமாதானம் யாவும் அந்த வீதியை வைத்தே அளக்கப்படுகின்றன. நாங்கள் அதை மெயின் றோட்டு என்போம். வயதானவர்கள் பொத்துவில் வீதி என்பார்கள். அரச ஏடுகளில் அதன் பெயர் கொழும்பு - இரத்தினபுரி - வெல்லவாய - மட்டக்களப்பு வீதி. இலக்கம் ஏ-4. நீளம் சுமார் 430 கிலோமீற்றர். இலங்கையின் 'ஏ' தர வீதிகளுள் இதுவே மிக நீளமானது.

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, அந்த வீதியைப் பற்றி முறையாக ஒரு கட்டுரையேனும் எழுதவில்லையே என்று நண்பர் அடிக்கடி குறைப்படுவார். எழுதாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் உரிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இவ்வீதி கொழும்பில் தொடங்குகிறது. களனி கங்கையை ஒட்டிச் செல்லும் பழைய தாழ்நில வீதி வெள்ளத்தில் மூழ்கிவிடும் என்பதனால் மேட்டுநிலத்தில் அமைக்கப்பட்ட ஹைலெவல் வீதிதான் இதன் முதற்பகுதி. நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை வழியாக அவிசாவளை, பின்னர் மாணிக்கக் கற்களின் இரத்தினபுரி. பெல்மதுளை, பலாங்கொடை தாண்டி மலையின் தெற்கு விளிம்பைப் பற்றிக்கொண்டு ஹல்துமுல்லை, பெரகலை, கொஸ்லந்தை என்று வளைந்து வளைந்து செல்கிறது. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே இருக்கிறது. வெல்லவாயவில் மலை முடிந்துவிடும். அதன்பின் புத்தளை, மொனராகலை, சியம்பலாண்டுவை, யானைகள் குறுக்கே வரும் லகுகலைக் காடு. காடு முடியுமிடத்தில் பொத்துவில். அங்கே கடலைக் கண்டதும் வீதி வடக்கே திரும்பி, கரையோரமாகவே நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி மட்டக்களப்பில் முடிகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீதியோரக் கற்கள் எல்லாம் கொழும்பிலிருந்தே எண்ணிக்கொண்டு வருகின்றன. ஆனால் கல்முனைக்காரர் கொழும்புக்குப் போவதற்குப் பெரும்பாலும் இந்த வீதியைப் பயன்படுத்துவதில்லை. காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, அம்பாறை, மகியங்கனை, கண்டி என்று போய்விடுவார்கள். அதுதான் கிட்டிய வழி. சிறுவனாக இருந்த காலத்தில், எங்கள் ஊர் மைல்கல்லில் கொழும்புக்கு இருநூற்றுச் சொச்சம் மைல் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு வாப்பாவிடம் கேட்டேன். "அது அவங்கட கணக்கு மகன். நமக்கு இங்கயிருந்து மட்டக்களப்பு இருபத்தஞ்சு மைல், அக்கரைப்பற்று பதினஞ்சு மைல். அவ்வளவுதான்," என்றார். வாப்பா நெல் வியாபாரி. அவருடைய உலகம் அந்த நாற்பது மைலுக்குள் அடங்கியிருந்தது.

அவருடைய வாப்பாவின் காலத்தில் வீதியை விடக் களப்பே பெரிய பாதையாக இருந்தது. மட்டக்களப்புக் களப்பு வடக்கிலிருந்து கல்முனைப் பகுதி வரையில் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. மணலில் மாட்டுவண்டிச் சில்லுகள் புதைந்துபோகும். தோணியில் ஏற்றினால் நெல் நோகாமல் மட்டக்களப்புக்குப் போய்ச் சேரும். சம்மாந்துறை என்ற பெயர் சம்பான்துறை என்பதன் திரிபு என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள். கல்முனைக்கு மேற்கே களப்பைக் கடக்கும் இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். கிட்டங்கி என்றால் பண்டகசாலை. தோணிக்காகக் காத்திருந்த நெல்மூடைகளை அந்தப் பெயரில் காண்பதாகவே எனக்குத் தோன்றும். மலைநாட்டுக்குப் போகும் சாமான்கள் பொதிமாடுகளில் சென்றன. தவளம் என்பது அதன் பெயர். அந்தத் தொழிலில் எங்கள் முஸ்லிம்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

தவளத்தையும் விடப் பழைய பயணம் ஒன்று இன்றும் நடக்கிறது. வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் பக்தர்கள் ஆண்டுதோறும் இந்தக் கரையோரமாகவே வருவார்கள். திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோயிலில் தங்கி, பொத்துவில் தாண்டி, உகந்தை முருகனை வணங்கிவிட்டுக் காட்டுக்குள் இறங்குவார்கள். எங்கள் ஊரில் உம்மாமார் அவர்களுக்கு வாசலில் தண்ணீர்ச் செம்பு வைத்ததை நான் கண்டிருக்கிறேன். அதை ஒரு பெரிய நல்லிணக்கச் செயலாக அப்போது யாரும் நினைக்கவில்லை. வெயிலில் நடந்து வருபவனுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு வேறு பெயர் தேவைப்படாத காலம் அது.

பொத்துவிலிலிருந்து வடக்கே வருவோம். கோமாரி வரையிலும் அதற்கப்பாலும் ஆள்நடமாட்டம் குறைந்த பகுதி. இலங்கைத் தீவின் அதிகிழக்கு முனை இங்கே சங்கமன்கண்டியில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. திருக்கோவில், தம்பிலுவில் ஆகிய தமிழ் ஊர்கள் வந்ததும் தென்னந்தோப்புகள் நெருங்கிவிடும். பொத்துவிலிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல் கடந்தால் அக்கரைப்பற்று. அங்கிருந்துதான் எங்கள் வீதியின் உண்மையான குணம் தெரியத் தொடங்கும். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், களியோடைப் பாலம், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை. ஓர் ஊர் முடிவதும் அடுத்த ஊர் தொடங்குவதும் வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரியாது. வடபகுதியில் வீட்டுக்கு வீடு, மதிலுக்கு மதில் ஒட்டிக்கொண்டு நீண்ட ஒரே நகரம் போலத்தான் தெரியும். ஒரு பள்ளிவாசல் மினாராவையோ கோயில் கோபுரத்தையோ கண்ட பின்னர்தான் அவர் இது இன்னார் ஊர் என்று ஊகிப்பார். எங்களுக்கோ கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் இருந்தாலும் தெரியும். மருதமுனை வந்தால் தறிச்சத்தம் கேட்கும். அந்த ஊரின் சாரனும் சேலையும் நாடு முழுவதும் பேர்பெற்றவை. இப்போது தறிகள் குறைந்துவிட்டன. சத்தம் முற்றாக ஓய்ந்துவிடவில்லை.

இந்தச் சிறிய தூரத்துக்குள் எத்தனை பேர் பிறந்திருக்கிறார்கள்! காரைதீவில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். யாழ்நூலை எழுதி, அது வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே காலமானார். காரைதீவு முச்சந்தியில் அவருடைய சிலை நிற்கிறது. கொழும்பு பஸ் திரும்பும் இடமும் அதுவே. கவிஞர் நீலாவணன் தன் ஊரின் பெயரையே புனைபெயராக எடுத்துக்கொண்டார். மருதூர்க்கொத்தனும் மருதூர்க்கனியும் மருதமுனையைப் பெயரிற் சுமந்தவர்கள். எம்.ஏ. நுஃமானும் சோலைக்கிளியும் கல்முனைப் பக்கத்தவர்கள். இவர்களுள் பெரும்பாலோரின் வீடுகளுக்கு இடையில் சைக்கிளில் போனால் அரைமணி நேரம்கூட ஆகாது. அந்நாளில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்தால், ஒருவரை ஒருவர் வழியனுப்பப் போய், வீதியில் நின்றே இரண்டாவது கூட்டம் நடந்துவிடும். தேநீர்க்கடைக்காரர் விளக்கை அணைத்தால்தான் கலைவார்கள்.

நானும் ஸ்காபரோ நண்பரும் கல்முனை உவெஸ்லியில் ஒரே வகுப்பிற் படித்தோம். பள்ளி விட்டதும் இருவரும் வீதிக்கு வருவோம். அவர் வடக்கே, நான் தெற்கே. ஆனால் நேரே பிரிவது கிடையாது. அவரைப் பாண்டிருப்பு வரை கொண்டுபோய் விடுவேன். அவர் மீண்டும் என்னைக் கல்முனைச் சந்தை வரை கொண்டுவந்து விடுவார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு அவர் என்னை அழைத்துப் போனார். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு நான் அவரை அழைத்துப் போனேன். நாகூர் ஆண்டகையின் பெயரால் நடக்கும் அந்த விழாவில் முறுக்கும் அல்வாவும் வாங்கித் தின்றதுதான் எங்கள் ஆன்மீகம் என்று இப்போது சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காலத்திலேயே வீதியின் மேற்குப் பக்கம் மாறிக்கொண்டிருந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ் இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டு, சேனாநாயக்க சமுத்திரம் உருவாகி, புதிய குடியேற்றங்கள் வந்தன. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் ஆயிற்று. பெரியநீலாவணையோடு மாவட்டம் முடிகிறது. அடுத்த ஊரான கோட்டைக்கல்லாறு மட்டக்களப்பு மாவட்டம். கச்சேரி அலுவலுக்கு அதுவரை வடக்கே போன எங்கள் ஊரார் மேற்கே போகவேண்டியதாயிற்று. மொழி தெரியாத கந்தோர் வாசலில் விண்ணப்பப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற வாப்பாவை நான் பார்த்திருக்கிறேன். ரயிலோ மட்டக்களப்போடு நின்றுவிட்டது. 1920களின் இறுதியில் அங்கே வந்த தண்டவாளம் ஒரு நூற்றாண்டாகியும் கல்முனைக்கு வரவில்லை. ஆகவே எங்களுக்கு மிஞ்சியது இந்த ஒரு வீதிதான்.

இனிச் சொல்லத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

1985 ஏப்ரலில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டபோதே வீதியில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் விழத் தொடங்கின. 1990 ஜூனில் அவை ஆழமாயின. அம்மாதம் 11ஆம் திகதி விடுதலைப் புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைக் கைப்பற்றினர். சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து இராணுவம் வந்தது. கல்முனைப் பகுதியில் பிடித்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர் பலர் திரும்பி வரவேயில்லை. ஜூலையில், கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குப் பயணம் செய்துகொண்டிருந்த முஸ்லிம்கள் இதே வீதியில் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டனர். காத்தான்குடியின் பிரதான வீதியும் இந்த ஏ-4 தான். இவ்வளவும் எட்டு வார காலத்துக்குள், ஒரே வீதியில் நடந்தவை.

அக்காலத்தில் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தேன். நண்பர் பாண்டிருப்பில் பத்திரிகை முகவர். கொழும்புப் பத்திரிகைக் கட்டுகள் அம்பாறை வழியாக வந்து கல்முனையின் தெற்குப் பக்கத்தில் இறங்கும். அங்குள்ள முஸ்லிம் முகவர் வடக்குப் பக்கத்துக்குரிய கட்டைத் தனியே பிரித்துச் சைக்கிளில் வைத்து, கடைத்தெருவின் ஒரு முனை வரை உருட்டிக்கொண்டு வருவார். நண்பர் மறுமுனையிலிருந்து வருவார். கட்டு கைமாறும். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். நின்று பேசினால் பார்ப்பவர் கண்ணுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும். கணக்கை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கட்டுக்குள் செருகிவிடுவார்கள். இப்படி மாதக்கணக்கில் நடந்தது. ஒரு சதம்கூடப் பிழைக்கவில்லை என்று நண்பர் இன்றும் பெருமையோடு சொல்வார்.

அந்நாள்களில் ஒருநாள் மாலை, அரிசி ஏற்றிவந்த லொறியொன்று வீதியில் மறிக்கப்பட்டுக் கொள்ளையிடப்பட்டதாக எங்கள் நிருபர் தொலைபேசியில் அறிவித்தார். இணைப்பு மோசமாக இருந்தது. ஊர்ப் பெயர் காதில் விழுமுன்னே தொடர்பு அறுந்துவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டிய நேரம். கல்முனைக்கு அருகே என்று மட்டும் போட்டால் போதும் என்றார் பக்கத்தில் இருந்தவர். நானோ அந்த மேசையில் இருந்த ஒரே கரையோரத்தான். நிருபர் சொன்ன பாலத்தையும் வளைவையும் வைத்து, அது இன்ன ஊராகத்தான் இருக்கவேண்டும் என்று தீர்மானித்து, அந்தப் பெயரை என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது எனக்குள் ஒரு சிறு செருக்கு இருந்ததை மறைக்க விரும்பவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாத வீதி எனக்குத் தெரியும் அல்லவா?

இரண்டு மைல் பிழைத்துவிட்டது. வேறு வீதியென்றால் இரண்டு மைல் ஒரு பொருட்டல்ல. எங்கள் வீதியில் இரண்டு மைல் என்பது வேறோர் ஊர். வேறோர் சமூகம். அந்த ஊர்ப் பெயரை இங்கே மீண்டும் எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதியது போதும்.

மறுநாள் காலை நண்பர் கட்டைப் பிரித்து முதற்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். உடனே அதை அப்படியே திருப்பிக் கட்டி, வந்த முனையிலேயே கொண்டுபோய் முஸ்லிம் முகவரிடம் கொடுத்துவிட்டார். அவரும் தன் பங்கை விற்கவில்லை. அன்றுதான் அவர்கள் இருவரும் அந்த இடத்தில் நின்று பேசினார்களாம். "இத வித்தா ரெண்டு பக்கமும் நெருப்புத்தான் காக்கா" என்று நண்பர் சொல்ல, மற்றவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கட்டுகளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டாராம். ஆனாலும் வேறு வழிகளில் வந்த சில பிரதிகள் போதுமானவையாக இருந்தன. பெயர் குறிப்பிடப்பட்ட ஊரார் ஒரு கிழமைக்கு மேல் வீதியில் இறங்கவில்லை. மீன் வண்டிக்காரர்கள் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்கள் வயல்வழியே சுற்றிப் போனார்கள். உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. அது என் திறமையால் அல்ல.

நான்கு நாள்களின் பின்னர் நண்பரிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர் ஏசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மச்சான், நீ இந்த றோட்டில நடந்தவன்தானே?"

உட்பக்கமொன்றில், வரி விளம்பரங்களுக்குக் கீழே, நான்கு வரியில் ஒரு பிழைதிருத்தம் பிரசுரமானது. அதை எழுதியவனும் நான்தான். அதை யாராவது வாசித்ததாக இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. அதன் பின்னர் இந்த வீதியைப் பற்றி எழுதப் பேனாவை எடுத்தபோதெல்லாம் அந்த நான்கு வரிதான் முன்னே வந்து நின்றது.

நண்பர் சில ஆண்டுகளில் கனடாவுக்குப் போய்விட்டார். நான் கொழும்பிலேயே இருந்தேன். 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி, எங்கள் பகுதியின் பெருந்தலைவராகிய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃப் கொழும்பிலிருந்து அம்பாறைக்கு வரும் வழியில் ஹெலிகொப்டர் அரநாயக்கா மலைப்பகுதியில் விழுந்து உயிரிழந்தார். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டு பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இவ்வீதியின் ஓரத்தில் நிற்பதற்கு அவரே காரணர். அன்றிரவு வீதி முழுவதும் கடைகள் பூட்டியிருந்தன என்று ஊரிலிருந்து சொன்னார்கள். தமிழ்க் கடைகளும் பூட்டியிருந்தன என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

பின்னர் 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம். இலங்கையில் சுனாமியால் உயிரிழந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அம்பாறை மாவட்டத்தவர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மூன்றாம் நாள் நான் கண்டி, அம்பாறை வழியாகக் காரைதீவுச் சந்தியை வந்தடைந்தேன். சந்திக்கு மேற்கே வயல்கள் வழக்கம்போலப் பச்சையாகக் கிடந்தன. வீதியைக் கடந்து கிழக்கே பார்த்தால் கடல் வரை ஒன்றுமில்லை. அலை வந்தபோது ஓடியவர்கள் எல்லாரும் வீதியை நோக்கித்தான் ஓடியிருக்கிறார்கள். "மெயின் றோட்டுக்கு ஓடு" என்று ஒருவரை ஒருவர் கூவிக்கொண்டே ஓடியதாக, தப்பியவர்கள் ஒவ்வொருவரும் சொன்னார்கள். கடலோர ஒழுங்கையிலிருந்து வீதிக்குச் சில நூறு மீற்றர்தான். சிலருக்கு அது மிக நீண்ட தூரமாகிவிட்டது.

வெளிநாட்டுச் செய்தியாளர்கள் எல்லா ஊரையும் சேர்த்துக் கல்முனை என்று எழுதினார்கள். நான் இம்முறை வீதியில் நடந்தேன். காரைதீவிலிருந்து பெரியநீலாவணை வரை இரண்டு நாள் நடந்து, ஊர் ஊராகக் கேட்டு, குறிப்புப் புத்தகத்தில் ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதினேன். எந்தப் பெயரையும் ஊகித்து எழுதவில்லை. பாண்டிருப்பில் நின்றபோது நண்பர் எப்படியோ என்னைத் தொடர்புகொண்டுவிட்டார். அவருடைய தங்கை அங்கே மணமுடித்து, தகப்பன் கொடுத்த காணியில் வீடு கட்டி இருந்தார். அந்தக் காணி பின்னர் கைமாறி, அவர்கள் வேறு வீடு மாறியிருந்தார்கள் என்பது வரை நண்பருக்குத் தெரியும். எங்கே மாறினார்கள் என்பது சரியாகத் தெரியாது.

"வீட்டக் கண்டியா மச்சான்?" என்றார். நான் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"கடற்பக்கமா, வயற்பக்கமா?"

"கடற்பக்கம்," என்றேன்.

அதன் பின்னர் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. கனடாவிலிருந்து ஒரு நிமிடத்துக்கு என்ன செலவாகும் என்று அந்நேரத்திலும் என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கப்படுகிறேன்.

அதன்பின் கடலோரத்தில் இருந்தவர்களை மேற்கே குடியமர்த்தும் முயற்சிகள் நடந்தன. வயற்காணிகள் நிரப்பப்பட்டன. வெளிநாட்டு உதவிகளால் வீதியும் பாலங்களும் புதுப்பிக்கப்பட்டன. மட்டக்களப்பின் நுழைவாயிலில், ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரைத் தாங்கி 1920களிலிருந்து நின்ற கல்லடி இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில், ஜப்பானிய உதவியுடன் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் எதிரே வாகனம் வந்தால் ஒதுங்கிக் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பில் எத்தனை கதைகள் பேசியிருப்போம். ஒலுவிலில் அதே 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. கப்பல் வரவில்லை. மணல் வந்து வாயை அடைத்துக்கொண்டது. அதன் வடக்கே கடல் கரையை அரித்துத் தென்னந்தோப்புகளைத் தின்றது. வீதியில் போகிறவருக்குத் துறைமுகத்தின் பெயர்ப்பலகை மட்டும் கம்பீரமாகத் தெரியும்.

வீதி மேம்பட்ட அளவுக்கு எல்லைப் பிரச்சினைகள் தீரவில்லை. 2001இல் மாநகரசபையான கல்முனைக்குள் சாய்ந்தமருது தனக்கெனத் தனிச்சபை கேட்டு நீண்டகாலம் போராடியது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வெளிவந்து, சில நாள்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. கல்முனை வடக்குத் தமிழ்ப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. இரண்டிலும் நியாயம் உண்டு, இரண்டிலும் அச்சம் உண்டு. சாய்ந்தமருதில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. ஆனால் ஸாஹிராக் கல்லூரி வீதியில் நின்றுகொண்டு, இதற்குத் தெற்கே நாங்கள், வடக்கே கல்முனைக்குடி என்று என் பேரன் சொல்லும்போது, அவனுடைய உம்மா வடக்குப் பக்கத்துப் பெண் என்பதை அவனுக்கு நினைவூட்டவேண்டியிருக்கிறது.

2021 பெப்ரவரி 3ஆம் திகதி, பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரையான பேரணி மழையில் இவ்வீதியில்தான் புறப்பட்டது. தமிழர்களின் கோரிக்கைகளோடு, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரிக்காதே என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. எங்கள் இளைஞர்களும் வீதிக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். காணொளியில் பார்த்த நண்பர் அழைத்து, "எந்த இடம் மச்சான் இது?" என்றுதான் முதலில் கேட்டார்.

மேற்கே பிரியும் கிளைவீதிகளின் நிலை வேறு. மாரியில் கிட்டங்கி இன்றும் நீரில் மூழ்கும். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாலை, காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வீதியில் மாவடிப்பள்ளி அருகே, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. சிறுவர்கள் உயிரிழந்தனர். ஒவ்வொரு மாரியிலும் நீர் வீதியின் மேலாகப் பாயும் இடம் அது என்று அங்குள்ள எல்லாருக்கும் தெரியும். எத்தனை முறை அதைப் பற்றிச் செய்தி எழுதியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை பிடிபடவில்லை.

கடைசியாகச் சென்றது அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் இ.போ.ச. பஸ்ஸில். நிந்தவூர் தாண்டும்போது நண்பரின் அழைப்பு வந்தது. அங்கே நள்ளிரவு. தூக்கம் வரவில்லையாம். "எங்க நிக்காய்?" என்றார். நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை நடத்துநரின் பக்கமாகப் பிடித்தேன். அந்த இளைஞன் மிதிபலகையில் நின்றபடி ஒவ்வொரு ஊராகக் கூவிக்கொண்டிருந்தான். காரைதீவு. சாய்ந்தமருது. கல்முனைக்குடி. கல்முனைச் சந்தை. மருதமுனை. மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மருதமுனை தாண்டியதும் நண்பர் பேசினார்.

"அவன் பாண்டிருப்பச் சொல்லல்லயே மச்சான்."

நடத்துநரிடம் கேட்டேன். "இறங்க ஆள் இல்ல காக்கா. அதான் கூப்பிடல்ல," என்றான். அதை அப்படியே நண்பரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாற சித்திரைக்கு ஒரு ஆள் இறங்கும் எண்டு அவனுக்குச் சொல்லு," என்றார்.

சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே தலையை வெளியே நீட்டி, அடுத்த ஊரின் பெயரைக் கூவத் தொடங்கினான்.

"நீலாவணை... பெரியநீலாவணை..."